புதுப்பிப்பு: அண்ணன் மகள் கால் டாக்டர் ஆகிவிட்டாள்

அமெரிக்காவில் பாத மருத்துவம் படிக்கும் அண்ணன் மகளுக்கு என்ன பரிசு தரலாம் என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பட்டம் வாங்கிவிட்டாள்! 4 வருடப் படிப்பு முடிந்தது, இனி 3 வருடம் ரெசிடென்சி என்னும் மருத்துவமனைப் பயிற்சி.

நேற்று காரைக்குடி வீட்டுக்கு வந்தவள், அப்பத்தாவை வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டாள். "தெரியுதா அப்பத்தா?" பெருவிரலில் தெரியவே இல்லை. 30 வருடச் சர்க்கரை நோயில் உணர்ச்சி மரத்துவிட்டது. இனி வீட்டுக்குள் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையிலும் செருப்போடுதான்.

பரிசு நீங்கள் சொன்ன கண்டாங்கிச் சேலைதான். அவளோடு பட்டம் வாங்கிய அத்தனை பிள்ளைகளுக்கும் மனமார்ந்த வாழ்த்துகள். அவர்களுக்கும் சேர்த்து அப்பத்தா சீப்புச்சீடை கட்டிவைத்திருக்கிறார்.