நுங்கு வண்டி, முட்டை அட்டை, ஒற்றைச் சாக்ஸ்: பூனைக்கு நாங்களே செய்த பொம்மைகள்

முத்தியால்பேட்டையிலிருந்து:

பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருக்கிற வீட்டில் ஜோடி தொலைத்த சாக்ஸுக்குப் பஞ்சமே கிடையாது. எங்கள் பூனைக்கு நான் செய்யும் பொம்மைகள் பெரும்பாலும் அதில்தான். பாதப் பகுதியை மட்டும் வெட்டிக்கொள்வேன். உள்ளே பழைய பருத்திச் சேலைக் கிழிசல், நடுவில் சரசரக்கும் பிஸ்கட் கவர் ஒன்று. அந்தச் சரசரப்பு முக்கியம். நம் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், பூனைக்கு 60,000-ஐத் தாண்டியும் கேட்கும். எலிக்குஞ்சு கீச்சிடுவதெல்லாம் நமக்கு எட்டாத அந்த உயரத்தில்தான். கவரை லேசாக அமுக்கினாலே அடுத்த அறையிலிருந்து வந்து நிற்கிறது.

நான் எழுத வந்தது குப்பைமேனியைப் பற்றி. மழை பெய்து ஓய்ந்தால் காலி மனையெல்லாம் அதுதானே முளைத்துக் கிடக்கிறது? பூனைவணங்கி என்றும் அதற்குப் பெயர் உண்டு. செடியை வேரோடு பிடுங்கி, மண்ணைக் கழுவி, வேரை மட்டும் நறுக்கி நசுக்கி சாக்ஸ் பொம்மையின் நடுவில் வைத்துத் தைத்துவிட்டேன். பூனை அதைக் கட்டிப்பிடித்து, கன்னத்தைத் தேய்த்து, முதுகைத் தரையில் போட்டுப் புரண்டு, பின்னங்காலால் உதைத்து, எச்சில் ஒழுக ஒரே ஆர்ப்பாட்டம். கொஞ்ச நேரத்தில் எதுவுமே நடக்காத மாதிரி எழுந்து போய்விட்டது. வெளிநாட்டில் கேட்னிப் என்று ஒரு செடியின் இலையைக் காயவைத்து விற்கிறார்களே, அதில் பூனையை மயக்கும் பொருளுக்கு உறவான ஒன்று நம் குப்பைமேனியின் வேரில் இருக்கிறது. இலையை மட்டும் போட்டால் எங்கள் பூனை திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எல்லாப் பூனையும் மயங்காது, சின்னக் குட்டிகளுக்கு அந்த வாசனை உறைக்கவே உறைக்காது. தின்னக் கொடுக்காதீர்கள், முகர்வதற்கு மட்டும். வேர் காய்ந்ததும் பிரித்து மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று. பீரோவில் கிடந்த துணி என்றால் அந்துருண்டை வாசனை முழுக்கப் போகும்வரை துவைத்து வெயிலில் போடுங்கள். அந்துருண்டை பூனைக்கு விஷம். உருளுகிற சாமான் வேறு, கீழே விழுந்தால் அதையே விளையாட எடுத்துக்கொள்ளும்.

நீங்கள் எல்லாம் என்ன செய்து கொடுக்கிறீர்கள்?

கடலூர் முதுநகரிலிருந்து:

எங்கள் பக்கம் பூனைகளுக்கு ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை கஷ்ட காலம். மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில். துறைமுகத்தில் செவுளும் குடலும் தின்று திரிந்ததெல்லாம் ஒவ்வொன்றாக வீட்டுக்குள் வரும். வேலை வெட்டி இல்லாத பூனை என்ன செய்யும்? தெருவில் காயப்போட்ட வலைக்குள் போகும், நகம் மாட்டிக்கொண்டு கத்தும். வலை பின்னுகிறவர்கள் வாயில் வராத வசவே இல்லை. அதனால் அந்த நாட்களில் அவற்றுக்கு விளையாட்டு காட்டுவது எங்களுக்கு ஒரு கட்டாயம் மாதிரி.

நல்லவேளை, அதுவேதான் நுங்கு சீசனும். நுங்கு தோண்டித் தின்ற வெறுங்காய் இரண்டை ஒரு குச்சியில் கோத்து, கவட்டைக் குச்சியால் தள்ளிக்கொண்டு பிள்ளைகள் ஓடுவார்கள் இல்லையா? நுங்கு வண்டி ஓட ஆரம்பித்தால் தெருப் பூனை மொத்தமும் பின்னாலேயே. பதுங்குவது, பின்பக்கத்தை ஆட்டுவது, பாய்வது, காயின் நாரில் நகத்தை ஊன்றித் தொங்குவது. கடினமான நார், நகம் கூர்தீட்டவும் தோதாக இருக்கிறது. வண்டி நின்றுவிட்டால் ஒரு பூனையும் அதைத் தொடாது. ஓடினால்தான் அது இரை. கடையில் வாங்கிய ரப்பர் எலியைக் கூடத்தின் நடுவில் வைத்துவிட்டு, பூனை விளையாடவில்லையே என்று குறைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எலி என்றைக்காவது கூடத்தின் நடுவில் சும்மா உட்கார்ந்திருக்குமா? சுவரோரமாக இழுங்கள், கதவு இடுக்கில் மறையுங்கள், பூனையை விட்டு விலகிப் போகிற மாதிரி அசையுங்கள். அதன் மூஞ்சிக்கு நேராகக் கொண்டுபோய் ஆட்டாதீர்கள், எந்த இரையும் அப்படி வராது.

பழைய வலையில் கழன்ற கெட்டி பிளாஸ்டிக் மிதவையும் உருட்டக் கொடுப்பேன். வலைத் துண்டை மட்டும் ஒருபோதும் கொடுப்பதில்லை.

லாஸ்பேட்டையிலிருந்து:

கால்நடை மருத்துவர் ஒருவரிடம் உதவியாளராக இருக்கிறேன். முதுநகர் அண்ணன் வலைத் துண்டு வேண்டாம் என்றது சரியான பேச்சு. அதை ஒட்டி நூல் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பூனையின் நாக்கைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள், சொரசொரப்பாக இருக்கும். அதில் உள்ள முட்கள் எல்லாம் தொண்டையைப் பார்த்துச் சாய்ந்தவை. நூலோ நாரோ நாக்கில் மாட்டினால் அதால் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். ஒரு முனை நாக்கடியில் சுற்றிக்கொண்டு மறுமுனை குடலுக்குள் போய்விட்டால், குடல் அந்த நூலின் மேலேயே சுருங்கிச் சுருங்கி மடிந்துவிடும். இறுகிய நூல் குடலை அறுக்கவும் செய்யும். எங்களிடம் வந்த ஒரு பூனை விழுங்கியிருந்தது மல்லிகைச் சரம் கட்டிய நூல். தலையிலிருந்து எடுத்து மேசையில் வைத்த வாடிய பூ, அவ்வளவுதான். மூன்று நாள் வாந்தி, சாப்பாடு இல்லை, அப்புறம்தான் தூக்கி வந்தார்கள். வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டியிருந்தது, பிழைத்துக்கொண்டது.

வாயிலோ பின்பக்கத்திலோ நூல் தொங்கினால் தயவுசெய்து இழுக்காதீர்கள். உள்ளே எங்கே மாட்டியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. வெட்டவும் வேண்டாம். அப்படியே டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

ரப்பர் பேண்ட், தலைமுடி ரப்பர், கிறிஸ்துமஸ் குடிலில் தொங்கவிடும் ஜிகினா, உல்லன் நூல் எல்லாம் இந்தக் கணக்குத்தான். மாத்திரை அட்டையைச் சரசரக்கிறதே என்று போடுகிறவர்களும் உண்டு. ஓரம் வாயைக் கிழிக்கும், அது போகட்டும், உள்ளே ஒரு பாராசிட்டமால் மிச்சம் இருந்தால்? பூனையின் ஈரலால் அதை முறிக்க முடியாது, ஒரே ஒரு மாத்திரை உயிரை எடுத்துவிடும்.

தூண்டில் மாதிரி ஆட்டுகிற பொம்மை வேண்டுமென்றால், ஒட்டடைக் குச்சியில் பழைய துப்பட்டாவை நான்கு விரல் அகலத்துக்குக் கிழித்து முடிச்சுப் போட்டுக் கட்டுங்கள். விளையாட்டு முடிந்ததும் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடுங்கள்.

முத்தியால்பேட்டை அக்கா, அந்த சாக்ஸைத் தைத்த நூலின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா, பாருங்கள்.

பண்ருட்டியிலிருந்து:

பொம்மைக்குள் கிலுகிலுவென்று சத்தம் வர யாராவது முந்திரிக்கொட்டையைப் போட நினைத்தால் வேண்டாம். எங்கள் ஊரில் அது கொட்டிக் கிடப்பதால் சொல்கிறேன். ஓட்டில் இருக்கிற எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும், கொட்டை உடைக்கிற பெண்களின் விரல்களைப் பார்த்தாலே தெரியும். பூனையின் வாய் என்ன ஆகும்? புளியங்கொட்டை போதும், சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடியை இறுக்கித் திருகிவிடுங்கள். பழைய சாமான் கடைக்காரர் எடைக்கு எடுக்காத பாட்டிலாகப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.

குருசுக்குப்பத்திலிருந்து:

எங்களுடையது வெளியே விடாத பூனை, கிழடு. பாய்ந்து விளையாடும் வயசெல்லாம் போய்விட்டது. அதற்கு முட்டை வாங்கும் அட்டைதான் பொம்மை. முப்பது குழி இருக்கிறதா, அதில் அங்கங்கே வேகவைத்த மீன் துணுக்கை ஒளித்து வைத்து, மேலே கசக்கிய காகித உருண்டைகளைப் போட்டு மூடிவிடுவேன். ஒவ்வொரு உருண்டையாகக் காலால் தோண்டி எடுத்துத் தின்னும். தட்டில் வைத்தால் ஒரே மூச்சில் முடியும் சாப்பாடு, இப்படியென்றால் அரைமணி நேரம் ஓடும். கருவாடு வைக்காதீர்கள், உப்பு. அட்டை நனைந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள், அடுத்த வாரம் முட்டை வாங்கினால் புதுசு வந்துவிடும்.

புதுப் பொம்மையும் சீக்கிரம் அலுத்துவிடும் என்று கவலைப்படுகிறவர்களுக்கு: ஜான் பிராட்ஷா என்கிற பிரிட்டிஷ் ஆய்வாளரும் கூட இருந்தவர்களும் 2002-இல் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரே பொம்மையைத் திரும்பத் திரும்பக் காட்டினால் பூனைக்குச் சலித்துவிடுகிறது, அடுத்து நிறமும் வாசனையும் வேறான ஒன்றைக் காட்டினால் உற்சாகம் மறுபடி வந்துவிடுகிறது. அதாவது பூனைக்கு அலுப்பது விளையாட்டு இல்லை, அந்தப் பொம்மை. அதனால் எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பரப்பி வைக்காமல் இரண்டை மட்டும் வெளியே வைத்துவிட்டு, மற்றதைத் துணிப்பையில் கட்டி லாஃப்டில் போட்டு மாற்றி மாற்றி எடுக்கிறேன். காசு கொடுத்து வாங்கியிருந்தால் இப்படி மாற்றிக்கொண்டே இருக்க மனசு வராது, குப்பையில் செய்ததால் வருகிறது.

முத்தியால்பேட்டையிலிருந்து:

தம்பி, உள்பக்கம் திருப்பி இரட்டைத் தையல், முனை வெளியே இல்லை. ஆனாலும் ராத்திரியில் எடுத்து வைத்துவிடுகிறேன். பூச்சரத்தையும் இனிமேல் நேராகக் குப்பைக்கூடையில்தான் போட வேண்டும், அதுவும் மூடி போட்ட கூடை.

முதுநகர் அண்ணே, நுங்கு வண்டி என்றதும் என் பெண் பிடித்துக்கொண்டாள். நடுவில் கோக்கிற குச்சிக்கு எந்த மரம்?

கடலூர் முதுநகரிலிருந்து:

வேப்பங்குச்சி போதும்மா. கட்டைவிரல் தடிமன், பச்சையாக இருக்கும்போதே முனையைச் சீவி ஒரு காயில் குத்தி, மறுமுனையில் இன்னொரு காய். காய் ரொம்ப முற்றியதாகப் பார்க்காதே, குத்தும்போது பிளந்துவிடும். கூடத்தில் ஓட்டவிடாதே, பனங்காய்க் கறை மொசைக்கில் போகாது.