கம்பைலரை மாற்றியதும் கருவி செயலிழந்து விழுகிறது: பழையதற்கே திரும்புவதா?

மண்டபம்கரை:
படகுகளுக்கு ஒரு சின்னக் கருவி செய்கிறேன். 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தக் கடல் எல்லையை நெருங்கினால் பஸ்ஸர் அடிக்கும். உள்ளே இருப்பது கார்டெக்ஸ் எம்4 என்ற சிறிய செயலி சிப். போன வாரம் கம்பைலரை (எழுதிய கோடை சிப்பின் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) மட்டும் புதிய பதிப்புக்கு மாற்றினேன், கோடில் ஒரு வரியும் தொடவில்லை. வீட்டு மேசையில் நாள் முழுக்க ஓடியது. பாம்பன் கரையில் கொண்டுபோய் வைத்தால் இரண்டு நிமிடத்தில் ஹார்டு ஃபால்ட் (சிப் மேலே ஓட முடியாத பிழை), வாட்ச்டாக் ரீசெட் (சிப் உறைந்தால் தானாக மறுபடி தொடங்குவது), மறுபடியும் அதேதான். ஜூன் 14-இல் மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. அதற்குள் விசைப்படகுக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டும்.

நங்கூரம்:
பழைய கம்பைலருக்கே போய்விடு தம்பி. நள்ளிரவில் பாக் நீரிணையில் கருவி ஊமையானால் கடலில் இருப்பவன் என்ன செய்வான்? மேசையில் ஓடி கரையில் விழுகிறது என்றால் உப்புக்காற்று, சால்டரிங் எல்லாவற்றையும் பார். அதுவரை ஓடியதையே ஓட்டு.

கீழக்கரை_சி:
அண்ணே, இதில் உடன்பட மாட்டேன். பிழை கோடில் முன்பே இருந்திருக்கும், புதிய கம்பைலர் அதை வெளியே கொண்டுவந்திருக்கிறது. ஃபால்ட் வரும்போது சிப் அந்த நேரத்து நிலையை எட்டு வேர்டுகளாக (நான்கு பைட் எண்கள்) ஸ்டாக்கில், அதாவது தற்காலிக நினைவகத்தில், தள்ளும். ஏழாவது, விழுந்த இடத்தின் முகவரி. அதை எடுத்து டிஸ்அசெம்பிளியில் (கம்பைலர் உருவாக்கிய கட்டளைகளின் பட்டியல்) பாருங்கள். பிழையின் வகையைக் காட்டும் ஃபால்ட் ரெஜிஸ்டரின் 24-ஆவது பிட்டையும் சொல்லுங்கள். அது 1 என்றால் கட்டளைக்குப் பொருந்தாத முகவரியில் படித்திருக்கிறது.

நங்கூரம்:
அதற்கு எத்தனை நாள் ஆகும்? கம்பைலர் கோடைச் சுருக்கி வேகமாக்கும் ஆப்டிமைசேஷனைக் குறைத்தாலே போதுமே.

கீழக்கரை_சி:
குறைத்தால் விழாமல் போகலாம். ஆனால் கோடும் பெரிதாகும், ஸ்டாக்கும் கூடுதலாகத் தின்னும். பிழை அங்கேயேதான் கிடக்கும்.

மண்டபம்கரை:
பார்த்தேன். 24-ஆவது பிட் 1. விழுந்த இடத்தில் எல்டிஆர்டி கட்டளை, அதாவது இரண்டு வேர்டுகளை ஒரே தடவையில் படிப்பது. ஜிபிஎஸ் பைனரி செய்தியில் தலைப்பு 6 பைட், அதன்பின் 24-ஆவது பைட்டில் தீர்க்கரேகை, 28-இல் அட்சரேகை. ஆக செய்தியை வைத்திருக்கும் பஃபரில் 30, 34. நான்கால் வகுபடாத இடங்கள். நான் பாயின்டரை (முகவரியை) வேறு வகையாகக் காஸ்ட் செய்து, அதாவது அங்கே நான்கு பைட் எண் இருப்பதாகச் சொல்லி, நேராகப் படித்திருந்தேன். பழைய கம்பைலர் இரண்டையும் தனித்தனியாகப் படித்தது, எம்4 அதைப் பொறுத்துக்கொண்டது. புதியது இரண்டையும் ஒரே எல்டிஆர்டியாகச் சேர்த்துவிட்டது, அதற்கு இந்த இடம் ஆகாது. வீட்டில் கூரைக்குக் கீழே ஜிபிஎஸ் நிலை கிடைக்காததால் அந்த வரிக்கே போகவில்லை. கரையில் வானம் திறந்ததும் போய் விழுந்திருக்கிறது!

கீழக்கரை_சி:
பைட்டுகளை நகலெடுக்கும் மெம்காப்பி போட்டு எடுங்கள். கம்பைலரே சரியான கட்டளையைப் போட்டுக்கொள்ளும்.

நங்கூரம்:
சரி, காரணம் கோடில்தான் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கடலுக்குப் போகும் கருவிக்குக் கம்பைலரை அடிக்கடி மாற்றக் கூடாது என்பதில் மாற்றமில்லை. எந்தப் பதிப்பில் சோதித்தாயோ அதை அப்படியே எடுத்துப் பத்திரப்படுத்து. ஓடுகிற கருவி எதில் கட்டியது என்று அதிலேயே பதிந்திருக்க வேண்டும்.

கீழக்கரை_சி:
பதிப்பைப் பூட்டி வைப்பதை நானும் ஆதரிக்கிறேன். பூட்டியதாலேயே கோடு சரியாகிவிட்டது என்று நினைப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

மண்டபம்கரை:
இதே மாதிரி காஸ்ட் இன்னும் ஏழு இடத்தில் கிடக்கிறது. எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, திறந்த வானத்துக்குக் கீழே பாம்பன் கரையில் மூன்று நாள் ஓட்டப்போகிறேன்.