நிலாவெளியில் வாடகை போட், எஞ்சின் நின்று நின்று போகிறது – அவசரம்

லீவுக்கு_வந்தவன் (சனி, காலை 7.40)
வணக்கம். திருகோணமலைப் பக்கம் நிலாவெளிக்குக் குடும்பத்தோடு வந்திருக்கிறோம். சின்ன போட் ஒன்றை இரண்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்தேன். நானே ஓட்டுகிறேன், நேற்றுத்தான் பழகினேன். எஞ்சின் நன்றாக ஸ்டார்ட் ஆகிறது, ஓடுகிறது, பிறகு தானாகவே நின்றுவிடுகிறது. உடனே ஸ்டார்ட் கயிற்றை இழுத்தால் வருவதில்லை. கொஞ்சம் விட்டு இழுத்தால் வருகிறது, திரும்பவும் நிற்கிறது. போட்காரர் போன் எடுக்கிறார் இல்லை. பிள்ளைகள் லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கரையில் நிற்கிறார்கள். தெரிந்தவர்கள் கெதியாகச் சொல்லுங்கள்.

உப்புவெளி_ராசா (7.52)
என்ன எஞ்சின்? எத்தனை குதிரைவலு? டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா? டாங்க் எஞ்சினுக்குள்ளேயா, வெளியிலா? 'பிறகு' என்றால் ஒரு நிமிடமா, ஒரு மணித்தியாலமா? இதெல்லாம் இல்லாமல் நாங்கள் மை போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

பிளக்_மாமா (7.55)
பிளக் தம்பி, ஸ்பார்க் பிளக். கழற்றிப் பாருங்கள். கறுத்து எண்ணெய் பிசுபிசுத்தால் துடைத்து, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துப் போடுங்கள். டூ ஸ்ட்ரோக்கில் ஒயில் கூடினால் இதுதான் வரும். லீற்றருக்கு 20 மில்லி, அதாவது ஐம்பதுக்கு ஒன்று. வாடகைக்குக் கொடுக்கிறவர்கள் ஒயில் குறைந்தால் எஞ்சின் இறுகிவிடும் என்ற பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றுவார்கள்.

கொட்டியாரம் (8.03)
நேற்றுப் பழகிவிட்டு இன்றைக்குப் பிள்ளைகளை ஏற்றப் போகிறாராம். இதைப் பற்றி இங்கே நான் எழுதாத நாளில்லை, வாசிக்கத்தான் ஆள் இல்லை. தம்பி, எஞ்சினில் சுருள் சுருளாகச் சிவப்புக் கயிறு ஒன்று தொங்குமே, அதைக் கையில் மாட்டினீர்களா?

லீவுக்கு_வந்தவன் (8.10)
அது எதற்கு? கழன்று விழாமல் இருக்க என்று நினைத்து எஞ்சினிலேயே சுற்றி வைத்திருக்கிறேன்.

கொட்டியாரம் (8.12)
நான் சொன்னேனா இல்லையா.

உப்புவெளி_ராசா (8.15)
கொட்டியாரம் அண்ணை, விளக்கமாகச் சொன்னால் குறைந்தா போய்விடுவீர்கள்? தம்பி, நீங்கள் தவறி விழுந்தால் அந்தக் கயிறு கிளிப்பை இழுத்து எஞ்சினை நிறுத்தும். இல்லையென்றால் ஆளில்லாத போட் வட்டமடித்து உங்களையே சுற்றி வரும், பின்னால் எஞ்சினின் காற்றாடி (புரொப்பெல்லர்) சுழன்றபடி. மணிக்கட்டில் மாட்டுங்கள். ஆனால் உங்கள் பிரச்சினை அதனால் இல்லை, கிளிப் கழன்றால் ஸ்டார்ட்டே ஆகாது. நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

கிண்ணியா_நானா (8.21)
தம்பி, அது மண்ணெண்ணெய் எஞ்சினாக இருக்கும். எங்கள் பக்கம் மீன்பிடி போட்டுகளில் கனக்க அதுதான். பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். சின்னப் பெற்றோல் டாங்க் தனியாக இருக்கும். நீங்கள் மாற்றாமல் ஓடியிருப்பீர்கள், அந்தக் கொஞ்சப் பெற்றோல் முடிந்ததும் நின்றிருக்கும். கரைக்கு வரும்போது திரும்பப் பெற்றோலுக்கு மாற்றித்தான் நிற்பாட்ட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த நாள் கயிறு இழுத்தே தோள் கழன்றுவிடும்.

பிளக்_மாமா (8.26)
பெற்றோல் முடிந்தால் கொஞ்ச நேரம் விட்டதும் எப்படி வரும்? வானத்திலிருந்து ஊறுமா? மண்ணெண்ணெய் விற்கிற விலைக்கு உல்லாசப் பயணிக்கு யார் அந்த எஞ்சினைக் கொடுக்கிறார்கள்.

கிண்ணியா_நானா (8.31)
விலையைப் பற்றி நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டாம். 2022 ஆகஸ்டில் ஒரே இரவில் 87 ரூபாயிலிருந்து 340 ஆக்கினார்கள். எங்கள் வாப்பாவின் வள்ளம் அந்த மாதம் முழுக்க கரையில் கவிழ்ந்து கிடந்தது, நண்டுதான் குடியிருந்தது. அதற்காக எஞ்சினைக் கடலில் போடவா முடியும்?

கொட்டியாரம் (8.35)
அந்த 87 ரூபாய் காலத்தில் மண்ணெண்ணெய் கடலுக்கா போனது? பாதி லொறி டாங்குக்குள் போனது. மானியத்தை யார் தின்றார்கள் என்று ஊருக்கே தெரியும்.

கிண்ணியா_நானா (8.38)
லொறிக்காரன் செய்ததற்குக் கடலுக்குப் போகிறவனா பொறுப்பு? நீங்கள் கடைசியாக எப்போது வலை இழுத்தீர்கள்?

பிளக்_மாமா (8.40)
பிளக்கைக் கழற்றினாரா இல்லையா, அதைச் சொல்லுங்கள் முதலில்.

லீவுக்கு_வந்தவன் (8.44)
மன்னிக்கவும், சார்ஜ் குறைவு. எஞ்சின் மூடியில் எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது, 15 என்று மட்டும் தெரிகிறது. சிவப்பு டாங்க் ஒன்றுதான், காலுக்குப் பக்கத்தில், அதிலிருந்து கறுப்புக் குழாய் போகிறது. ஒயில் கலந்த பெற்றோல் என்று சொல்லித் தந்தார், அரை டாங்க் இருக்கிறது. ஐந்து, ஆறு நிமிடத்தில் நிற்கிறது. பிளக் கழற்றச் சாவி இல்லை.

உப்புவெளி_ராசா (8.49)
இப்போது ஏதோ பிடிபடுகிறது. ஓடும்போது பின்பக்கத்தில் சின்னப்பிள்ளை ஒன்றுக்குப் போகிற மாதிரி தண்ணீர் பாய்கிறதா? அதுதான் எஞ்சினைக் குளிரவைக்கிற தண்ணீர், அது இல்லையென்றால் சூடேறி நிற்கிறது. கரையோரம் இழுத்தபோது தண்ணீர் உறிஞ்சும் ஓட்டைக்குள் மணலோ பொலித்தீனோ போயிருக்கும்.

லீவுக்கு_வந்தவன் (8.53)
தண்ணீர் நன்றாகப் பாய்கிறது. கை வைத்துப் பார்த்தேன், இளஞ்சூடு.

நிலாவெளி_மருமகள் (8.58)
இவ்வளவு நேரமாக ஒருவரும் டாங்க் மூடியைப் பற்றிக் கேட்கவில்லையே. மூடியின் நடுவில் சின்னத் திருகு ஒன்று இருக்கும். கொண்டுபோகும்போது பெற்றோல் சிந்தாமல் இருக்க அதை இறுக்கிவிடுவார்கள், ஓட்டும்போது தளர்த்த வேண்டும். இறுக்கியே இருந்தால் டாங்குக்குள் காற்றுப் போகாது. எஞ்சின் உறிஞ்ச உறிஞ்ச உள்ளே வெற்றிடமாகி, ஒரு கட்டத்தில் பெற்றோல் வராது. நின்ற பிறகு காற்று மெல்ல மெல்லக் கசிந்து உள்ளே போகும், அதனால்தான் கொஞ்ச நேரம் விட்டால் திரும்ப வருகிறது. நின்றவுடன் குழாயின் நடுவில் இருக்கிற ரப்பர் உருண்டையைப் பாருங்கள், உறிஞ்சிய மாம்பழம் மாதிரி சப்பையாக இருக்கும். திருகைத் திறக்கும்போது 'உஸ்' என்றால் அதுதான். எங்கள் வீட்டில் மாமாவே வாரத்தில் ஒரு நாள் மறப்பார். ஐம்பது வருடம் கடலில் நின்ற மனிசன்.

கொட்டியாரம் (9.02)
அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

பிளக்_மாமா (9.03)
பிளக்கும் பார்ப்பது நல்லது.

நிலாவெளி_மருமகள் (9.09)
தம்பி, எஞ்சின் சரி வந்தாலும் இதைக் கேட்டுவிட்டுப் போங்கள். இப்போது கச்சான் காற்று வீசுகிற காலம். அது கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும், அதனால் கரையோரம் தண்ணீர் தட்டில் ஊற்றின மாதிரி கிடக்கும், பார்க்க ஆசையாய் இருக்கும். எஞ்சின் நின்றால்தான் தெரியும், போட் நேரே வெளியே போகும். கரையைப் பார்த்துத் துடுப்புப் போட்டாலும் கிட்டே வராது. எஞ்சின் நின்றால் முதல் வேலை கயிறு இழுப்பது இல்லை, நங்கூரத்தைப் போடுவது. நங்கூரக் கயிற்றின் மறு நுனி போட்டில் கட்டியிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். வாடகை போட்டுகளில் அதுவும் இருக்காது.

உப்புவெளி_ராசா (9.14)
புறாத்தீவுக்குப் போகிற யோசனை இருந்தால் நீங்களே ஓட்டிப் போக வேண்டாம். ஒரு கிலோமீற்றர்தான், கண்ணுக்கு முன்னாலே தெரியும், ஆனால் தீவைச் சுற்றிப் பவளப்பார், காற்றாடி பட்டால் பாருக்கும் கேடு, உங்களுக்கும் கேடு. 2003இலிருந்து அது தேசியப் பூங்கா, வனசீவராசிகள் திணைக்களத்தின் டிக்கெட் கரையிலேயே எடுக்க வேண்டும். ஓட்டியோடு போட் பிடித்தால் அவரே பார்த்துக்கொள்வார். அப்புறம், அந்தப் போட்டைக் கொண்டு திருகோணமலை உள்துறைமுகப் பக்கம் போய்விடாதீர்கள், கடற்படைத் தளம், படம் எடுக்க என்றெல்லாம் சொன்னால் எடுபடாது.

கிண்ணியா_நானா (9.20)
புறாமலை என்று சொல்லுங்கள். எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

கொட்டியாரம் (9.22)
மலையா அது? கல்லு.

கிண்ணியா_நானா (9.24)
கடலிலிருந்து வந்து பார்த்தால் மலைதான். கரையில் நின்று பார்க்கிறவருக்குக் கல்லாகத்தான் தெரியும்.

லீவுக்கு_வந்தவன் (பிற்பகல் 2.15)
மூடித் திருகுதான். உஸ் என்றது. அரை மணித்தியாலம் ஓடினேன், நிற்கவில்லை. நங்கூரக் கயிறு ஒன்றிலும் கட்டியிருக்கவில்லை, கட்டிவிட்டேன். எல்லாருக்கும் நன்றி.

நிலாவெளி_மருமகள் (2.31)
நல்லது தம்பி. சிவப்புக் கயிற்றைக் கையில் மாட்டினீர்களா?

பிளக்_மாமா (ஞாயிறு, காலை 6.05)
ஆள் பதிலே சொல்லவில்லையே. பிளக்கும் பார்த்திருக்க மாட்டார்.