எம்பாலிசம்: ‘அடைப்பு’ என்றால் போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

கொய்மலர்க் கையேட்டின் சொற்பட்டியலில் ‘எம்பாலிசம்’ என்பதற்கு ‘அடைப்பு’ என்று மட்டும் இருக்கிறது. இது வாசகரைத் தவறான வைத்தியத்துக்குத் தள்ளும். சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் வாங்கிய ரோஜா, சாடித் தண்ணீரில் நின்றும் தலை தொங்குகிறதென்றால் இரண்டு வகை அடைப்பு இருக்கலாம்.

ஒன்று காற்று. எம்பாலிசம் என்பது இதுதான். செடியில் இருக்கும்போது, வேரிலிருந்து நீரை மேலேற்றும் சைலக் குழல்களில் நீர் மேல்நோக்கி இழுபட்ட நிலையில் நிற்கிறது. வெட்டியதும் அது உள்ளே பின்வாங்க, வெட்டுவாயில் காற்று புகுந்துகொள்கிறது. தண்டின் அடியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, அங்கேயே 2 முதல் 3 செ.மீ. சாய்வாக வெட்டி, உடனே சாடிக்கு மாற்ற வேண்டும். மழுங்கிய கத்திரிக்கோல் குழலை நசுக்கிவிடும், கத்தியே நல்லது.

மற்றது பாக்டீரியா. நம் ஊர் வெப்பத்தில் சாடித் தண்ணீர் சீக்கிரம் கலங்கி, வழவழப்பு வெட்டுவாயை மூடுகிறது. நீரில் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிட்டு, சாடியைத் தேய்த்துக் கழுவி, தண்ணீரை மாற்றி, அடியை மறுபடி வெட்ட வேண்டும். தண்ணீர் அழுக்காகவே இருந்தால் எத்தனை முறை நீருக்கடியில் வெட்டியும் பயனில்லை.

ஆகவே எம்பாலிசம் = காற்றடைப்பு. தண்ணீர் பம்பில் ‘காத்து அடைச்சிருச்சு’ என்று சொல்லிப் பழகிய காதுக்கு இது புதுச்சொல்லே அல்ல. முன்னால் ‘சைல’ என்று ஒட்டவும் தேவையில்லை. உணவைக் கொண்டுசெல்லும் ஃபுளோயத்தில் சர்க்கரைச் சாறு அழுத்தத்தோடு இருப்பதால் வெட்டினால் வெளியே கசியுமே தவிர, காற்றை இழுக்காது.

இழுபட்டு நிற்கும் நீர் குழலுக்குள் அறுந்துபோகும் ‘கேவிட்டேஷன்’ என்பதற்கு ‘குமிழ் வெடிப்பு’ வந்திருக்கிறது. அதற்கு ‘நீரிழை அறுதல்’ என்று முன்மொழிகிறேன்.

———

ஐயா, வணக்கம்.

காற்றடைப்புக்கு என் ஒப்புதல். ‘குமிழ் வெடிப்பு’ கப்பல் பட்டறையிலிருந்து வந்த சொல்லாகத்தான் இருக்கும். உந்துவிசிறியில் குமிழி நொறுங்கி உலோகத்தை அரிக்கிறது. மரத்தில் நடப்பது நேர்மாறு. உச்சி வெயிலில் இழுவிசை 1 முதல் 2 மெகாபாஸ்கல் வரை, அதாவது காற்றழுத்தத்தைப் போல 10 முதல் 20 மடங்கு, ஏறுவது வழக்கம். அந்த மரம் தாங்கும் எல்லையைத் தாண்டினால், காற்று நிறைந்த பக்கத்துக் குழலிலிருந்து இரு குழல்களுக்கும் இடையிலுள்ள குழிச்சவ்வின் நுண்துளை வழியே ஒரு குமிழி நுழைந்துவிடும். நுழைந்தது நொறுங்காது, விரிந்து குழலையே நிரப்பும். அறும்போது ‘டிக்’ என்று ஒலி எழும். 1966இலேயே அதைக் கருவி வைத்துக் கேட்டிருக்கிறார்கள். எனவே ‘அறுதல்’தான் பொருத்தம். அறுவது நிகழ்ச்சி, காற்றடைப்பு அதன் விளைவு. இரண்டு சொல்லும் வேண்டும்.

‘நீரிழை’யில்தான் சிக்கல். இலங்கைப் பாடநூல் படித்தவருக்கு ‘இழையம்’ என்றால் திசு. இழை என்றதும் மனம் அங்கே போகும். ‘நீர்த்தொடர் அறுதல்’ என்போம்.

சைலத்துக்கு இலங்கையில் வழங்கும் ‘காழ்’ அழகான சொல். ஆனால் பழைய வழக்கில் அது மரத்தின் வயிரம். வயிரத்தில் நீர் ஓடுவதில்லை, வெளிப்புற மென்மரத்தில்தான் ஓடுகிறது. கையேட்டில் ‘சைலம்’ என்றே இருக்கட்டும். பட்டியலில் ‘குமிழ் வெடிப்பு’ இருந்த வரியை மட்டும் இன்று திருத்திவிடுகிறேன்.