மண்டே ஒன்லி

அல்சூர்க்காரி:
பெங்களூரில் 12 வருடமாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். போன வாரம் லண்டன் வாடிக்கையாளருக்கு மெயில் போட்டேன்: ‘வி சென்ட் தி பில் ஆன் மண்டே ஒன்லி.’ திங்கட்கிழமையே அனுப்பியாச்சு, நீங்கள்தான் பார்க்கவில்லை என்று கொஞ்சம் கெத்தாகவே எழுதியதாக நினைப்பு. ‘பரவாயில்லை, தாமதத்துக்கு வருத்தப்பட வேண்டாம்’ என்று பதில் வருகிறது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. யார் வருத்தப்பட்டது? மேனேஜர் கன்னடக்காரர், பக்கத்து சீட்டில் டெல்லிப் பெண். இரண்டு பேருமே மெயிலில் தப்பில்லை என்கிறார்கள்.

பழைய_வாத்தியார்:
அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நமக்கு ‘தான்’, ‘ஏ’, கன்னடத்திலும் ‘ஏ’, இந்தியில் ‘ஹீ’. எல்லாமே சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு அழுத்தம் தருபவை. அந்த இடத்தில் நாம் ஒன்லியை ஒட்டிவிடுகிறோம். லண்டன்காரருக்கு ஒன்லி என்றால் ‘மட்டும்’. கிழமையோடு வந்தால் ‘அதற்கு முன்னால் இல்லை’. ‘திங்கட்கிழமைதான் அனுப்ப முடிந்தது’ என்று நீங்கள் இழுத்ததாகப் படித்திருப்பார்.

நான் ‘மட்டும்’ போட்டுப் பார்ப்பேன். ‘வீட்டில்தான் இருக்கிறேன்’ என்பதை ‘வீட்டில் மட்டும் இருக்கிறேன்’ என்றால் உளறல். அங்கே ஒன்லி வேண்டாம். ‘கையில் 100 ரூபாய்தான் இருக்கிறது’ என்பதில் ‘மட்டும்’ பொருந்துகிறது. ஒன்லி போடலாம், ஆனால் ஹண்ட்ரடுக்கு முன்னால்.

மடிவாளா_பையன்:
சார், செக்கில் ‘ஃபைவ் தௌசண்ட் ஒன்லி’ என்று கடைசியில்தானே எழுதுகிறோம்?

பழைய_வாத்தியார்:
அது பின்னால் யாரும் எதையும் சேர்க்காமல் இருக்கப் போடும் பூட்டு, தம்பி. தமிழில் எழுதினாலும் ‘ரூபாய் ஐந்தாயிரம் மட்டும்’ என்றுதானே முடிப்போம்? பஸ்ஸில் ‘லேடீஸ் ஒன்லி’யும் ‘மட்டும்’தான்.

மடிவாளா_பையன்:
அப்போ அக்கா ‘மண்டே இட்செல்ஃப்’ என்று எழுதியிருக்கலாமோ?

பழைய_வாத்தியார்:
அதுவும் நம்மூர்ச் சரக்கு. புரிந்துகொள்வார், ஆனால் அவர் அப்படி எழுத மாட்டார். ‘வி ஆல்ரெடி சென்ட் இட் ஆன் மண்டே’ போதும்.

அல்சூர்க்காரி:
அப்படியே மாற்றி அனுப்பினேன் சார். மதியமே பணம் வந்துவிட்டது. கூடவே ஒரு வரி: ‘சாரி, ஐ ஹேவ் ஒன்லி ஜஸ்ட் சீன் இட்.’ ஒன்லி சரி, இந்த ஜஸ்ட் எதற்கு?