கறுப்பரிசியின் பலன் நிறத்தாலா, நார்ச்சத்தாலா?

கருமணி:
நிறத் தானியங்களின் நன்மை முழுவதையும் நார்ச்சத்தின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம் என்பது என் வாதம். ஒரு கறுப்பரிசியைப் பிளேடால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளை, ஓரத்தில் மட்டும் நூலிழை போலக் கருநீலம். அந்த மெல்லிய தவிட்டு உறையில்தான் சயனிடின்-3-குளுக்கோசைடு முதலான அந்தோசயனின்கள் என்னும் நிறமிகள் இருக்கின்றன. மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் நொதியை இவை மட்டுப்படுத்துவது ஆய்வகச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது.

தவிட்டுக்கட்சி:
சோதனைக் குழாய்க்குக் குடலும் இல்லை, கல்லீரலும் இல்லை, நண்பரே. அதைவிடப் பெரிய கோளாறு ஒப்பீட்டில் இருக்கிறது. தீட்டிய வெள்ளை அரிசிக்குப் பக்கத்தில் கறுப்பரிசியை வைத்தால் நிறம் மட்டுமா மாறுகிறது? நார்ச்சத்து, மெக்னீசியம், தவிட்டு எண்ணெய் எல்லாம் சேர்ந்தே மாறுகின்றன. தவிடு நீக்காத, நிறமில்லாத அரிசியோடு ஒப்பிட்டுவிட்டுப் பேசுங்கள். 2019இல் லான்செட் இதழில் வந்த தொகுப்பாய்வில், நாளொன்றுக்கு 25 முதல் 29 கிராம் வரை நார்ச்சத்து உண்டவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவும் இதயநோயும் குறைவாக இருந்தன. அதற்குத் தானியம் கறுப்பாக இருக்க வேண்டிய தேவை எழவில்லை.

கருமணி:
ஒப்பீட்டைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் நிறமி உடலில் சேர்வதே இல்லை என்ற பழைய எண்ணம் இனி நிற்காது. 2013இல் வெளியான ஆய்வொன்றில், உடலில் தடம் பின்தொடர்வதற்காகக் கார்பன்-13 என்ற கனமான கார்பன் அணுவால் அடையாளமிட்ட சயனிடின்-3-குளுக்கோசைடு 500 மில்லிகிராம் அளவில் 8 ஆண்களுக்குக் கொடுக்கப்பட்டது. ஏறத்தாழ 12 விழுக்காடு உள்ளே சென்றதாகக் கணக்கிட்டார்கள். முன்பு உருமாறாத நிறமியை மட்டுமே தேடியதால், குடல் நுண்ணுயிரிகளும் கல்லீரலும் அதைச் சிதைத்து உருவாக்கிய சேர்மங்கள் கணக்கில் வராமலே போயின.

தவிட்டுக்கட்சி:
அவர்கள் விழுங்கியது தூய நிறமி, சோறு அல்ல. கறுப்பரிசியை ஊறவைத்த நீர் ஊதாவாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள்; அதைக் கொட்டிவிட்டு, கஞ்சியையும் வடித்துவிட்டு, எஞ்சியதை வெப்பத்தில் சிதைத்த பிறகு தட்டில் எவ்வளவு மிஞ்சும்? உள்ளே போவது வேறு, இன்சுலினைத் திறம்பட வேலை செய்ய வைப்பது வேறு.

சோளக்கொல்லை:
இருவரும் அந்தோசயனினையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். சிவப்பரிசியின் நிறத்துக்குக் காரணம் புரோஅந்தோசயனிடின், அதாவது ஒரு வகை டானின் (துவர்ப்புப் பொருள்). அது புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. செரிமான நொதிகளும் புரதங்கள்தாம். ஆகவே இரத்தத்தில் கலக்காமலேயே, குடலுக்குள் இருந்தபடியே அது மாவுச்சத்தின் செரிமானத்தைத் தாமதப்படுத்தக்கூடும். (இதே டானின் இரும்புச்சத்தைச் சேரவிடாமல் தடுக்கும் என்பதையும் மறைக்கக் கூடாது.) மஞ்சள் மக்காச்சோளத்தின் நிறமியான லூட்டீனோ கொழுப்பில் கரைவது, விழித்திரையில் போய்த் தங்குவது, அதை இந்த வழக்கில் இழுப்பதில் பொருளில்லை.

தவிட்டுக்கட்சி:
டானினைப் பற்றிய வாதத்துக்கு என்னிடம் உடனடி மறுப்பு இல்லை. இருந்தாலும் நார்ச்சத்து சம அளவில் உள்ள இரு முழு அரிசிகளை, நீர் வடிக்காமல் சமைத்து, சில மாதங்கள் கொடுத்துப் பார்க்கும் சோதனையைத்தான் நான் கேட்கிறேன்.

கருமணி:
அதையே நானும் கேட்கிறேன். நிரூபணமானது என்று நான் எங்கும் எழுதவில்லையே. நிறமிக்கும் ஒரு பங்கு இருக்கலாம் என்றுதான் எழுதினேன்.