ஸ்ட்ரோமட்டோலைட்டுக்குத் தமிழ்ச்சொல்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

செங்கல்சூளை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பூமியின் கதையைச் சொல்லும் சிறுநூல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். நாலாம் இயலில் ஸ்ட்ரோமட்டோலைட்டில் மாட்டிக்கொண்டேன்.

பொருள் இதுதான். ஆழமில்லாத கடலோரத்தில் நுண்ணுயிர்கள் பிசுபிசுவென்று ஏடுபோலப் படர்கின்றன. அலை கொண்டுவரும் பொடி மணலும் வண்டலும் அந்தப் பிசினில் ஒட்டிக்கொள்கின்றன. தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பும் அங்கேயே படிகிறது. வெளிச்சம் மறைந்தால் பிழைப்பில்லை என்பதால் உயிர்கள் மேலே நகர்ந்து வந்து அடுத்த ஏட்டைப் போடுகின்றன. இப்படியே ஏட்டின்மேல் ஏடாகக் கல் எழும்புகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் பேயில், ஹாமலின் பூல் என்ற இடத்தில், இன்றும் உயிரோடு இருக்கின்றன. அதே மாநிலத்தின் பில்பாராப் பகுதியில் 340 கோடி ஆண்டுக்கு முந்தையவை கிடைத்திருக்கின்றன.

இப்போதைக்கு 'அடுக்குப்பாறை' என்று போட்டிருக்கிறேன். எனக்கே பிடிக்கவில்லை. படிவுப் பாறை எல்லாமே அடுக்குத்தானே?

ஏட்டுச்சுவடி எழுதியது:

மூலத்தைப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. 1908இல் எர்ன்ஸ்ட் கால்கோவ்ஸ்கி என்ற ஜெர்மானியர் வைத்த பெயர் இது. கிரேக்கத்தில் 'ஸ்ட்ரோமா' என்றால் படுக்கை, விரிப்பு. 'லித்தோஸ்' கல். தமிழில் படுக்கைக்குப் பஞ்சமா என்ன? சேக்கை, அமளி, பாயல், பள்ளி, அணை, தளிமம். சேக்கை பறவைக் கூட்டையும் குறிக்கும் என்பதால் வேண்டாம். பள்ளி இன்று பள்ளிக்கூடமாகிவிட்டது. தளிமம் வேறு எதற்கும் வாடகைக்குப் போகாமல் சும்மா இருக்கிறது. ஆகவே 'தளிமக்கல்'. மூன்று சொல் சேர்ந்தாலும் நாக்கில் தடையில்லை: தளிமக்கல் அடுக்கு, தளிமக்கல் திட்டு.

சேலத்து டீச்சர் எழுதியது:

ஐயா, உங்கள் பட்டியலை ஒன்பதாம் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். 'அமளிக்கல்' என்றதும், அமளியில் எறிகிற கல்லா மிஸ் என்றான் ஒருவன். தளிமத்துக்கு எந்தக் கையும் உயரவில்லை. ஒரு சொல்லைப் புரிந்துகொள்ள இன்னொரு சொல்லுக்கு அகராதி பார்க்க வேண்டுமென்றால், ஸ்ட்ரோமட்டோலைட் என்றே மனப்பாடம் செய்துவிட்டுப் போகலாம்.

'பாசிக்கல்' என்றால் என்ன குறை? நீலப்பசும்பாசி என்று பாடத்தில் ஏற்கெனவே இருக்கிறது.

கரிசல்காட்டான் எழுதியது:

குறை இருக்கிறது டீச்சர். நீலப்பசும்பாசி என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தது பாசியே இல்லை, சயனோபாக்டீரியா. உட்கருகூட இல்லாத உயிர். தவறான பழைய பெயரைக் கல்லின் தலையிலும் கட்டவேண்டாம். அப்புறம், குளத்துப் படித்துறையில் வழுக்கிவிடும் கல்லுக்குத்தான் பாசிக்கல் என்ற பெயர் பொருந்தும். பாசிமணி விற்பவரிடம் கேட்டால் அவர் வேறு ஒன்றை எடுத்துக் காட்டுவார்.

நான் மண்ணியல் ஆள். எங்கள் புழக்கத்தில் அந்தப் பிசின் ஏட்டுக்கு 'நுண்ணுயிர்ப் பாய்' என்று பெயர். பாய் மேல் பாய் போட்டு வளர்ந்த கல் 'பாய்க்கல்'. யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம்.

பாய் என்பது வெறும் உவமையும் இல்லை. ஹாமலின் பூலில் அந்தக் காலத்தில் கம்பளி மூட்டைகளை வண்டியில் ஏற்றி, இந்தப் பாய்களின் மேலேயே ஓட்டித்தான் படகுக்குக் கொண்டுபோவார்கள். அந்தச் சக்கரத் தடம் இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது. ஆண்டுக்கு அரை மில்லிமீட்டர்கூட வளராத பாய் என்றால் கிழிசல் எப்போது மூடும்? அங்கே இவை பிழைத்திருப்பதற்குக் காரணம், கடல்நீரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு உப்பு. மேயவரும் நத்தைகளுக்கு அந்த உப்பு ஆகாது.

ஏட்டுச்சுவடி எழுதியது:

> பாய் மேல் பாய் போட்டு வளர்ந்த கல் 'பாய்க்கல்'

அச்சுக்கோப்பவர் ஒரு 'க்'கை விழுங்கினால் என்ன ஆகும்? 'பாய்கல்'. வினைத்தொகை. வலி மிகாது. பாய்புலி மாதிரிப் பாய்ந்த கல், பாய்கிற கல், பாயும் கல். 340 கோடி ஆண்டாக அசையாமல் கிடக்கும் ஒன்றுக்கு இந்தப் பெயரா?

ஆனாலும் நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பர, பரவு, பாவு, பாய் எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது என் கணிப்பு. தறியில் நீளவாக்கில் ஓடும் நூலும் பாவு. தரையில் கல் பதிப்பதும் பாவுதல். கிரேக்க ஸ்ட்ரோமாவும் விரித்தல் என்ற வினையில் பிறந்ததுதான். ஆக, பொருள் ஒட்டுகிறது. பாவு என்றே எடுத்து 'பாவுகல்' என்றால்?

செங்கல்சூளை எழுதியது:

ஐயா, பாவுகல் என்றால் வாசலில் பதிக்கும் டைல்ஸ் என்று நினைப்பார்கள். இன்று புதன்கிழமை.

பனங்காய் எழுதியது:

யாழ்ப்பாணத்திலயிருந்து ஒரு குறிப்பு. உயிர் கட்டின கல்லுக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு பெயர் புழக்கத்தில இருக்கு: முருகைக்கல். பவளப்பாறையை நாங்கள் அப்படித்தான் சொல்லுவம். படிச்ச ஆக்கள் உண்டாக்கின சொல் இல்லை, கடற்கரைச் சனத்தின்ர சொல். ஆகவே 'கல்' என்று முடியிறதில பிழையில்லை. மற்றது, நீங்கள் புதைபடிவம் எண்டிறதை எங்கட பாடப்புத்தகம் உயிர்ச்சுவடு எண்டு சொல்லும். ஸ்ட்ரோமட்டோலைட்டில பெரும்பாலும் உடல் மிஞ்சாது, படர்ந்த தடம்தான் மிஞ்சும். அதனால 'சுவட்டுக்கல்' எண்டும் யோசிக்கலாம். நான் வற்புறுத்தேல்லை.

ஏட்டுச்சுவடி எழுதியது:

முருகை! முருகு என்றால் இளமை, அழகு, மணம். இதில் எது பவளத்துக்குப் பொருந்தும் என்று பார்த்தால்...

(இங்கே ஐயா மூன்று பக்கம் எழுதியிருந்தார். குழுவின் காப்பகத்தில் இருக்கிறது. – செங்கல்சூளை)

சேலத்து டீச்சர் எழுதியது:

எங்கள் வீட்டு அடுப்படி மேடை கடப்பாக்கல். கடப்பாப் பக்கம் ஸ்ட்ரோமட்டோலைட் உண்டு என்று படித்தேன். அப்படியென்றால் நான் தினமும் தோசைமாவுப் பாத்திரத்தை அதன்மேல்தான் வைக்கிறேனா?

கரிசல்காட்டான் எழுதியது:

இல்லை டீச்சர். பலகையாக அறுத்து வருவது கடப்பாப் படிவுப் படுகையின் மேலடுக்குச் சுண்ணாம்புக்கல், வயதில் இளையது. ஸ்ட்ரோமட்டோலைட் இருப்பது அடியில் உள்ள வேம்பள்ளி அடுக்கின் டோலமைட் என்ற பாறையில், ஏறக்குறைய 190 கோடி ஆண்டு.

ஆனால் உங்கள் ஊரிலேயே வேறொன்று இருக்கிறது. கஞ்சமலையின் இரும்புக்கல். மேக்னடைட் என்ற இரும்புக் கனிமமும் குவார்ட்ஸும் கோடு கோடாக. ஆதிக் கடலில் இரும்பு கரைந்துகிடந்தது. இந்த நுண்ணுயிர்கள் கழிவாக விட்ட ஆக்சிஜன் பட்டதும் துருவாகி அடியில் படிந்தது. உலகத்துக் கோட்டு இரும்புப் பாறைகளில் பெரும்பகுதிக்குச் சொல்லப்படும் கதை இது. கஞ்சமலையும் அந்த இனத்துக் கல்தான், பிற்பாடு பூமிக்குள் வெந்து உருமாறியது. கடலின் இரும்பு தீரத்தீர, 240 கோடி ஆண்டுக்கு முன்பு ஆக்சிஜன் காற்றில் சேரத் தொடங்கியது. கனிமவியலாளர் ராபர்ட் ஹேசனும் கூட்டாளிகளும் 2008இல் ஒரு கணக்குச் சொன்னார்கள்: இன்று நமக்குத் தெரிந்த கனிம வகைகளில் மூன்றில் இரண்டு பங்கு, உயிர் இல்லாவிட்டால் உண்டாகியே இருக்காது. கல்லில் உயிர் தொற்றிக்கொண்டது என்றுதான் நாம் படித்தோம். கல்லையே உயிர் பெற்றுப்போட்டிருக்கிறது. கல்லும் மண்ணும் தோன்றிய வரிசை பற்றிய அந்தப் புகழ்பெற்ற அடியை மட்டும் தயவுசெய்து யாரும் இங்கே எடுக்க வேண்டாம்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

எடுக்காமல் எப்படி? கல் முந்தியது, மண் பிந்தியது என்ற வரிசை சரிதானே?

ஆக்சிஜன் என்று எழுதுகிறீர்களே, உயிர்வளி என்ற நல்ல சொல் இருக்கும்போது?

கரிசல்காட்டான் எழுதியது:

வரிசை சரிதான். மண் என்பது உடைந்த கல்லோடு மக்கிய உயிர் கலந்தது. தரையில் உயிர் பரவுமுன் வெறும் கல்லும் பொடியும்தான்.

உயிர்வளிதான் ஐயா எனக்குச் சிக்கல். அன்று வாழ்ந்த பல உயிர்களுக்கு அது நஞ்சு. "உயிர்வளி பெருகியதால் உயிர்கள் மாண்டன" என்று எழுதினால் பிள்ளைகள் சிரிப்பார்கள். சரி, கிரேக்கப் பெயர் மட்டும் யோக்கியமா? ஆக்சிஜன் என்றால் அமிலத்தைப் பிறப்பிப்பது. எல்லா அமிலத்திலும் அது இருப்பதாக, அந்தப் பெயரை வைத்த வேதியியலாளர் லவாசியே நம்பினார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அது இல்லவே இல்லை. தவறு தெரிந்த பிறகும் பெயரை யாரும் மாற்றவில்லை. சொல் வாயில் நின்றால் போதும், அதன் பிறப்புச் சான்றிதழை யார் கேட்கிறார்கள்?

ஏட்டுச்சுவடி எழுதியது:

நான் கேட்கிறேன்.

செங்கல்சூளை எழுதியது:

வெள்ளி காலை. பாய்க்கல்லுக்கு நாலு பேர், தளிமக்கல்லுக்கு ஒருவர், பாசிக்கல்லை டீச்சர் கைவிட்டுவிட்டார், பனங்காய் அண்ணை இரண்டு பக்கமும் தலையாட்டுகிறார். முதல் இடத்தில் "ஸ்ட்ரோமட்டோலைட் எனப்படும் பாய்க்கல்" என்றும், பிறகு பாய்க்கல் என்று மட்டும் போட்டு அனுப்பிவிட்டேன். உயிர்வளியை எடுத்துவிட்டு ஆக்சிஜன் ஆக்கினேன். எல்லோருக்கும் நன்றி.

செங்கல்சூளை எழுதியது:

மெய்ப்பு வந்துவிட்டது. 47ஆம் பக்கத்தில் இரண்டு இடத்தில் 'பாய்கல்'.

ஏட்டுச்சுவடி எழுதியது:

நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுபதிப்புக்குத் தளிமக்கல்லைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.